சாஃப்ட்வேருக்கு மெஷின் விலையா? – எம்ப்ராய்டரி கேள்வி பதில்

வீட்டில் ஒற்றை ஊசி எம்ப்ராய்டரி மெஷின் வாங்கியிருக்கிறேன். டிசைன் போடும் சாஃப்ட்வேர் விலை கேட்டால் லட்சத்தைத் தொடுகிறது. ஏன் இவ்வளவு? அது இல்லாமல் முடியாதா?
– வாசகி, தக்கலை

வாங்குகிற ஆட்கள் குறைவு; அதுதான் பெரிய காரணம். செலவு மொத்தமும் அந்தச் சிலர் தலையில் விழுகிறது. வேலையும் லேசானதல்ல. ஊசி எங்கே இறங்கணும், துணி எந்தப் பக்கம் இழுபடும், நூலை எங்கே அறுக்கணும் என்று தையல் தையலாகக் கணக்குப் போட வேண்டும். போதாததற்கு மெஷினுக்கு மெஷின் ஃபைல் வேறு: பிரதர் கம்பெனி மெஷினுக்கு பி.இ.எஸ்., ஜனோம் மெஷினுக்கு ஜெ.இ.எஃப்., பெரிய மெஷின்களுக்கு டி.எஸ்.டி.

உங்கள் தேவை என்ன என்பதை முதலில் பாருங்கள். வாங்கிய டிசைனை வேறு ஃபார்மட்டுக்கு மாற்றுவது, கொஞ்சம் பெரிதாக்குவது மட்டும்தான் என்றால் வில்காம் நிறுவனத்தின் ட்ரூசைசர் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. சொந்த டிசைன் போட இங்க்ஸ்டிச் இருக்கிறது. இதுவும் இலவசம், இங்க்ஸ்கேப் என்ற வரைபட மென்பொருளுக்குள் சேர்ந்து ஓடும். இங்க்ஸ்கேப்பைப் போட்டு, அந்தப் பதிப்புக்குப் பொருந்தும் இங்க்ஸ்டிச்சைச் சேருங்கள். பக்க அளவை மில்லிமீட்டரில் உங்கள் ஹூப் (துணியை மாட்டும் சட்டம்) அளவுக்கு வையுங்கள். படத்தை அடியில் ஒரு லேயரில் வைத்துப் பூட்டிவிட்டு, மேல் லேயரில் பேனா கருவியால் சுற்றி வரையுங்கள். உள்ளே நிறம் கொடுத்த வடிவம் ஃபில் (உள்ளே நிரப்பும் தையல்) ஆகும், வெறும் கோடு ரன்னிங் (ஒற்றை ஓட்டுத் தையல்) ஆகும், பட்டையான கோட்டை சாட்டினாக (பக்கத்துக்குப் பக்கம் நெருக்கமாக ஓடும் பட்டைத் தையல்) மாற்றிக்கொள்ளலாம். எந்த வடிவம் அடியில் இருக்கிறதோ அதுதான் முதலில் தைக்கும். சிமுலேட்டரில் ஓடவிட்டுப் பார்த்து, மெஷின் ஃபார்மட்டில் ஒரு நகல் எடுங்கள். இங்க்ஸ்கேப்பில் வரைந்த எஸ்.வி.ஜி. மூல ஃபைலை அழிக்காதீர்கள்; திருத்தம் எல்லாம் அதில்தான்.

இது பிடிபட மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குப் பிறகும் கை ஓடவில்லை என்றால் ஹேட்ச் என்ற விலை மென்பொருளின் 30 நாள் சோதனைப் பதிப்பைப் போட்டுப் பாருங்கள். எம்பேர்ட் என்ற இன்னொரு மென்பொருளில் அடிப்படைப் பகுதியை மட்டும் முதலில் வாங்கி, மற்றதைப் பிறகு சேர்க்கலாம். ஒன்று மட்டும் நிச்சயம்: இங்க்ஸ்டிச்சில் அண்டர்லே (மேல் தையலுக்கு முன் அடியில் ஓடும் தாங்கு தையல்) புரியாதவருக்கு லட்ச ரூபாய் சாஃப்ட்வேரிலும் அது புரியாது.

பென் டிரைவில் 'லைஃப் டைம்' சாஃப்ட்வேர் 2,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார் ஒருவர். வாங்கலாமா?
– வாசகர், கருங்கல்

வேண்டாம். பூட்டை உடைத்த நகல் அது. போடும்போதே ஆன்டிவைரஸை நிறுத்தச் சொல்வார்கள். அதே கம்ப்யூட்டரில்தான் உங்கள் வங்கிக் கணக்கும் திறக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவில், தெரிந்தே திருட்டு நகலைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். தொழிலுக்கல்லாமல் பயன்படுத்தியவருக்கு நீதிமன்றம் சலுகை காட்டலாம். கடை நடத்துகிறவர் அதை எதிர்பார்க்க முடியாது.

ஜேபெக் படத்தை ஆட்டோவில் (படத்தைத் தானாகவே தையலாக மாற்றும் வசதி) போட்டு ராசில்க் பிளவுஸில் பூ தைத்தேன். துணி சுருங்கிவிட்டது. அவுட்லைனுக்கும் பூவுக்கும் நடுவே வெள்ளையாக இடைவெளி. மெஷின் கோளாறா?
– வாசகி, மார்த்தாண்டம்

மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். ஜேபெக் படத்தின் ஓரம் மங்கலாக இருக்கும். ஆட்டோ அந்த மங்கலையும் தனித்தனி நிறமாக எண்ணி, பூவை நூறு துண்டாக்கிவிடும். துண்டுக்குத் துண்டு முடிச்சு, துண்டுக்குத் துண்டு நூல் அறுப்பு. ஆட்டோதான் வேண்டும் என்றால் முதலில் படத்தை 4 அல்லது 5 நிறமாகக் குறையுங்கள். அதைவிட கையால் சுற்றி வரைவதே மேல்.

சுருக்கத்துக்குத் தையல் நெருக்கமும் காரணம். இங்க்ஸ்டிச்சில் ஃபில் வரிசை இடைவெளி தானாக 0.25 மி.மீ. என்று இருக்கும். 30 மி.மீ. சதுரத்தில் அது 120 வரிசை. தையல் நீளம் 4 மி.மீ. என்றால் 900 தையல். 0.4 மி.மீ. ஆக்கினால் 75 வரிசை, ஏறத்தாழ 560 தையல். பட்டுக்கு அதுவே தாராளம். இதழ், அதன் மேல் நிழல், அதன் மேல் நரம்பு என்று மூன்று ஃபில் ஒரே இடத்தில் ஏறினால் துணி அட்டையாகிவிடும், ஊசியும் உடையும். மேலே வருவதன் அளவுக்கு அடியில் உள்ளதை வெட்டி, ஓரத்தில் 1 முதல் 1.5 மி.மீ. மட்டும் மேலேற விடுங்கள்.

இடைவெளிக்கு வருவோம். தையல் ஓடும் திசையில் நூல் துணியை உள்ளே இழுக்கும். ஆகவே வரைந்ததைவிட ஃபில் அந்தத் திசையில் குறுகித்தான் விழும். புல் காம்பென்சேஷனை (அந்த இழுப்பை ஈடுகட்ட வடிவத்தைக் கூட்டும் அளவு) 0.3 மி.மீ. வையுங்கள். அண்டர்லேயை மேல் தையலுக்குக் குறுக்கே ஓடவிடுங்கள். அது துணியை முதலிலேயே அடியில் வைக்கும் பேக்கிங் பேப்பரோடு பிடித்துக்கொள்ளும். பூவும் அதன் அவுட்லைனும் அடுத்தடுத்துத் தைக்கட்டும். ராசில்க்கின் அடியில் ஃப்யூசிங் (அயர்ன் செய்தால் ஒட்டும் துணி) ஒட்டியே ஹூப்பில் மாட்டுங்கள். மாட்டிய பிறகு ஓரத்தைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்த துணி ஹூப்பைக் கழற்றியதும் பழைய அளவுக்குத் திரும்பும், தையல் திரும்பாது. அதுதான் நீங்கள் பார்த்த சுருக்கம்.

ஆலயப் பாடகர் குழு அங்கியில் தமிழ் எழுத்து தைக்க வேண்டும். புள்ளிகள் முடிச்சாகின்றன, 'ண' அடைந்துபோகிறது.
– வாசகர், குளச்சல்

தமிழுக்கு எழுத்துரு தேர்விலேயே பாதி வேலை முடியும். தடிப்பும் மெலிவுமாக மாறும் எழுத்துரு வேண்டாம்; மெலிந்த இடம் 1 மி.மீ.க்குக் கீழே போனால் சாட்டின் நிற்காது. ஒரே பருமனில் உருண்டு வரும் எழுத்துருவை எடுங்கள். இங்க்ஸ்கேப்பில் தட்டச்சு செய்து, அதைப் பாதையாக (எழுத்தல்லாத வெறும் வரைகோடாக) மாற்றினால்தான் தைக்கும்.

40ஆம் எண் நூலும் 75/11 ஊசியும் என்றால் எழுத்தின் உடல் உயரம் 12 மி.மீ. இருக்கட்டும். அதைவிடச் சிறிதாக வேண்டுமென்றால் 60ஆம் எண் நூல், 65/9 ஊசி. 'ண', 'ஞ' சுழிகளுக்குள் 1 மி.மீ. வெற்றிடமாவது தெரிய வேண்டும்; இல்லாவிட்டால் சுழியைக் கையால் விரித்து வரையுங்கள். புள்ளியின் விட்டம் 2 மி.மீ.க்குக் குறைந்தால் ஊசி ஒரே துளையில் திரும்பத் திரும்ப இறங்கும். நூல் அடியில் சுருண்டு முடிச்சாவது அதனால்தான். புள்ளியை எழுத்துக் கோட்டின் பருமனைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வையுங்கள், பார்வைக்கு உறுத்தாது. இன்னொன்று: வரி முழுதும் தைத்துவிட்டுப் புள்ளிகளைக் கடைசியில் வைக்காதீர்கள். அதற்குள் துணி நகர்ந்திருக்கும், 'க்'கின் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் உட்காரும். அந்தந்த எழுத்து முடிந்த கையோடு அதன் புள்ளி. வெல்வெட் அங்கி என்றால் மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிம் விரிக்காமல் தொடங்க வேண்டாம்.

கடலோரத்தில் இருக்கிறீர்கள், ஊசிகளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். துருவின் சொரசொரப்பு ரேயான் நூலை அறுக்கும்.

ஓணத்துக்கு செட்டு முண்டு ஆர்டர் வருகிறது. சாஃப்ட்வேர் வாங்குவதா, வெளியே கொடுத்து டிசைன் போடுவதா?
– வாசகி, குழித்துறை

ஒரே டிசைன் 50 முண்டுக்கு என்றால் ஒரு ஃபைல் போதும், வெளியே கொடுங்கள். டிசைனுக்கு 400 ரூபாய், மாதம் 10 டிசைன் என்று வைத்தால் மாதம் 4,000. லட்ச ரூபாய் சாஃப்ட்வேரின் விலையை எடுக்க 25 மாதம். மாதம் 30 புது டிசைன் வரத் தொடங்கினால் கணக்கு எட்டு ஒன்பது மாதமாகச் சுருங்கும், அப்போது வாங்கலாம். வெளியே கொடுக்கும்போது துணி வகை, ஹூப் அளவு, நூல் எண் மூன்றையும் எழுதிக் கொடுங்கள். தைத்துப் பார்த்த மாதிரியின் படத்தோடு திருத்தக்கூடிய மூல ஃபைலையும் கேட்டு வாங்குங்கள். டி.எஸ்.டி. மட்டும் தந்தால் அதில் நிறமே இருக்காது. அளவை மாற்றினாலும் நெருக்கம் கெடும்.