டெக்ஸ்ட்பாக்ஸ்17 எங்கே இருக்கிறது?

கேள்வி: ஆத்தங்குடி டைல்ஸ் கடை ஒன்றின் பில்லிங் புரோகிராமைத் திருத்தும் வேலை வந்திருக்கிறது. வி.பி. டாட் நெட் மொழி, விண்டோஸ் ஃபார்ம்ஸ் திரைகள். ஒரே ஃபார்மில் (திரையில்) டெக்ஸ்ட்பாக்ஸ்1 முதல் 40 வரை தட்டச்சுப் பெட்டிகள். கோடில் டெக்ஸ்ட்பாக்ஸ்17 என்று வந்தால் அது சதுர அடியா, விலையா, ஏற்றுகூலியா என்றே புரியவில்லை. ஒவ்வொன்றாகக் கிளிக் செய்துதான் பார்க்க வேண்டுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். விஷுவல் ஸ்டுடியோவில் ஷிஃப்ட்+எஃப்7 அழுத்தி, ஃபார்மைப் படமாகக் காட்டும் டிசைனருக்குப் போய், எஃப்4 அழுத்துங்கள். பிராபர்டீஸ் விண்டோவின் உச்சியில் இருக்கும் பட்டியலில் ஃபார்மின் எல்லா கண்ட்ரோல்களும் (பெட்டி, பட்டன், லேபிள் போன்றவை) பெயரோடும் வகையோடும் இருக்கும். டெக்ஸ்ட்பாக்ஸ்17-ஐத் தேர்ந்தெடுத்ததும் ஃபார்மில் அந்தப் பெட்டியைச் சுற்றிப் பிடிகள் தோன்றும். பக்கத்து லேபிளைப் படித்தால் விஷயம் முடிந்தது.

கண்ட்ரோல்களைத் தொகுத்து வைக்கும் பேனல்களை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்திருந்தால் வியூ மெனுவில் அதர் விண்டோஸ் போய் டாக்குமென்ட் அவுட்லைனைத் திறங்கள். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டுக்குள் போவதுபோல எது எதற்குள் இருக்கிறது என்று வரிசையாகக் காட்டும். கோடில் பெயர்மேல் கர்சரை வைத்து ஷிஃப்ட்+எஃப்12 அழுத்தினால், அது வரும் வரிகள் அத்தனையும் கீழே பட்டியலாகும்.

கண்டுபிடித்த கையோடு பெயரை மாற்றிவிடுங்கள். அடுத்து வருபவர் வாழ்த்துவார். பெயர்மேல் கர்சரை வைத்து, கண்ட்ரோல் விசையை (இது கீபோர்டு கண்ட்ரோல்!) அழுத்தியபடி ஆர் எழுத்தை இருமுறை தட்டி, டெக்ஸ்ட்சதுரஅடி என்பதுபோல ஆங்கிலத்தில் பெயரிடலாம். ஃபார்மின் அமைப்பை விஷுவல் ஸ்டுடியோ எழுதிவைக்கும் டிசைனர் ஃபைலிலும் கோடில் அந்தப் பெயர் வரும் இடங்கள் சேர்ந்தே மாறும்.

ஆனால் அதற்கு முன் ஒரு தேடல் அவசியம். பழைய பில்லிங் கோடுகளில் வரிசை வரிசையாக அளவு வாங்க, மேற்கோளுக்குள் "டெக்ஸ்ட்பாக்ஸ்" என்று எழுதி, லூப் (திரும்பத் திரும்ப ஓடும் வரிகள்) எண்ணை ஒட்டி, ஃபார்மின் கண்ட்ரோல் பட்டியலான மீ டாட் கண்ட்ரோல்ஸ் வழியாகப் பெட்டியை எடுப்பார்கள். இந்த வரி ஷிஃப்ட்+எஃப்12 பட்டியலில் வராது, பெயர் மாற்றினாலும் மாறாது. பில்ட் பிழையில்லாமல் முடியும்; ஆனால் பெட்டியின் நேம் பிராபர்டியும் புதுப் பெயருக்கு மாறியபின், ஓடும்போது பெட்டி கிடைக்காமல் நல் ரெஃபரன்ஸ் (இல்லாத ஒன்றைப் பயன்படுத்தும்) பிழையில் நிற்கும். கண்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப் அழுத்தி, மேற்கோள் குறியோடு சேர்த்துத் தேடிவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: ஒரு பட்டனை கட் செய்து பேனலுக்குள் பேஸ்ட் செய்தேன். இப்போது அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. கோட் அப்படியே இருக்கிறதே?
- வாசகர், தேவகோட்டை

பதில்: கோட் இருக்கிறது, இணைப்பு போய்விட்டது. பட்டனை அழுத்தினால் ஓடும் கோடின் முதல் வரியான சப் வரியின் கடைசியில், எந்த பட்டனுக்கு என்று சொல்லும் ஹேண்டில்ஸ் பகுதி இருக்கும்; கட் செய்யும்போது அதை டிசைனர் நீக்கிவிடும். அதைத் திரும்ப எழுதினால் போதும். அடுத்த முறை கட் செய்யாமல், டாக்குமென்ட் அவுட்லைனில் பட்டனைப் பிடித்து இழுத்து பேனலுக்குள் விடுங்கள்.