நிறுத்தத் தெரிந்த கை

அன்புள்ள ஐயா,

டோக்கியோ ஒலிம்பிக்கின் கராத்தே இறுதிப் போட்டிகளை இப்போதுதான் யூடியூபில் முழுதாகப் பார்த்தேன். இரண்டு சந்தேகங்கள். ஜப்பானின் கலை, நடந்ததும் ஜப்பானில். ஆனால் தங்கம் வாங்கியவர்களில் பாதிக்கு மேல் ஐரோப்பியர்கள். எப்படி? இன்னொன்று, கனமான எடைப்பிரிவில் சவுதி வீரர் உதைத்த உதையில் எதிராளி மயங்கி விழுந்தார். கடைசியில் விழுந்தவருக்குத்தான் தங்கம். கராத்தே வகுப்புக்குப் போகும் என் மகன், "அடிச்சவர்தானேப்பா ஜெயிச்சவர்?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

க., மதுரை

அன்புள்ள க.,

உங்கள் கேள்விகள் இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

டோக்கியோவில் கராத்தேவுக்கு 8 தங்கம். ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி, செர்பியா, பல்கேரியா ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டன. எகிப்துக்கு ஒன்று, ஈரானுக்கு ஒன்று. ஜப்பானுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம், எதிராளி இல்லாமல் தனியாக அசைவுகளைச் செய்துகாட்டும் கட்டா பிரிவில் ரியோ கியூனா வாங்கியது. கராத்தே பிறந்த ஒகினாவா தீவுக்காரர் அவர். பரிசு மேடையில் மறைந்த தன் அம்மாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஐரோப்பியர்கள் திடீரென்று முளைத்தவர்கள் அல்ல. 1950களில் பாரிஸில் ஆன்றி பிளே கராத்தே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். அன்றைக்குப் பிரான்சில் கராத்தே ஜூடோ சங்கத்தின் நிழலில் இருந்த சின்னப் பிரிவு. அதைக் கவனித்துவந்த ஜாக் தெல்கூர், 1963-இல் அக்கம்பக்கத்து நாடுகளில் கராத்தே நடத்தியவர்களைப் பாரிஸுக்கு அழைத்தார். அப்படிக் கூடிப் பேசியதன் பலனாக 1965-இல் ஐரோப்பிய கராத்தே ஒன்றியம் உருவானது. 1966-இல் பாரிஸிலேயே முதல் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் நடந்தது. இன்றைக்கு ஐரோப்பிய கராத்தே கூட்டமைப்பு என்று நாம் சொல்வது அந்த ஒன்றியத்தின் வழிவந்ததுதான்.

படிக்க எளிதாக இருக்கிறது. ஆனால் அன்றைய நிலைமையை யோசித்துப் பாருங்கள். 1965-இல் ஜப்பான் கராத்தே சங்கம் தன் பெரிய ஆசான்கள் நால்வரை வெளிநாடுகளுக்கு அழைத்துச் சென்று செய்துகாட்ட வைத்தது. பிறகு நால்வருமே ஐரோப்பாவில் கற்றுக்கொடுக்க வந்தார்கள். கனசாவா லண்டனிலும், எனோயெடா லிவர்பூலிலும், ஷிராய் மிலானிலும், காசே பாரிஸிலும் பயிற்சி தந்தார்கள். இவர்கள் ஷோட்டோகான் வழி. இன்னொரு பக்கம் வாதோ ரியூ வழிக்காரர்கள். ஷோட்டோகானில் காலை அகட்டித் தாழ்ந்து நின்று பலமாக இறக்குவார்கள். வாதோவில் நிமிர்ந்து நின்று, உடம்பைத் திருப்பி அடியை நழுவவிடுவார்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் தன் முறைதான் உசத்தி. நம்மூரில் இரண்டு சிலம்ப ஆசான்களை ஒரே களத்தில், ஒரே விதிக்குச் சம்மதிக்க வைத்துப் பாருங்கள், தெல்கூர் இழுத்த பாரம் எவ்வளவு என்று தெரியும்.

அவர்களை ஒன்றாக நிற்கவைத்தது ஒரு விதி. அடியை முழு வேகத்தில் விட வேண்டும், ஆனால் உடம்பில் இறங்குவதற்கு முன் நிறுத்திவிட வேண்டும். ஜப்பானியத்தில் சுன்தோமே என்பார்கள். சுன் என்பது அவர்களுடைய பழைய அளவு, ஏறக்குறைய 3 சென்டிமீட்டர். அந்த இடைவெளியில் கையை நிறுத்தத் தெரிந்தவனே தேர்ந்தவன். எந்தப் பள்ளியில் படித்திருந்தாலும், எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும், இதை ஒப்புக்கொண்டால் எதிரெதிரே நிற்கலாம், அடுத்த வருஷமும் உயிரோடு வந்து மோதலாம்.

நானும் சில வருஷம் ஒரு பள்ளி மைதானத்தில் கராத்தே படித்தவன். எங்கள் மாஸ்டர் எதிரில் நிற்பவனின் மேல் பட்டனைக் காட்டி, "பட்டனைக் குத்து, பட்டன் அசையக் கூடாது" என்பார். முதல் மாதம் பட்டனுக்கு ஒரு சாண் முன்னாலேயே என் கை நின்றுவிடும். பயம்தான். அப்புறம் பயம் போனதும் நெஞ்சிலேயே இறங்கிவிடும். எதிரில் நின்ற நண்பன் இருமிக்கொண்டே உட்கார்ந்துவிடுவான். நிறுத்துவதற்கு, அடிப்பதைவிட அதிகத் தசை வேண்டும். தோள், இடுப்பு, குதிகால் மூன்றும் ஒரே நொடியில் இறுக வேண்டும். எனக்கு அது படிய இரண்டு வருஷம் ஆனது.

இப்போது உங்கள் மகனின் கேள்விக்கு வருகிறேன். அந்தச் சவுதி வீரர் தாரிக் ஹமிதி. எதிராளி ஈரானின் சஜாத் கஞ்சாதே. ஹமிதி 4-1 என்று முன்னணியில் இருந்தார். தலைக்கு உயர்ந்த அந்த உதை அளவோடு பட்டிருந்தால் 3 புள்ளி, கணக்கு 7-1 ஆகியிருக்கும். இன்றைய விதிப்படி தலையில் லேசாகப் படலாம், அவ்வளவுதான். அவருடைய கால் நிற்கவில்லை. கஞ்சாதேயை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசி ஹமிதியைத் தகுதி நீக்கம் செய்தார்கள். சவுதி அரேபியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அந்த நொடியில் கைநழுவியது. அவர் அழுததைப் பார்த்து எனக்கும் மனசு கனத்தது. ஆனாலும் தீர்ப்பு சரி என்றுதான் சொல்வேன். அந்த ஒரு விதியைத் தளர்த்தினால் ஐம்பத்தைந்து வருஷமாகக் கட்டியது இடிந்துவிடும். "அடிச்சவர்தான், ஆனா நிறுத்தலை" என்று மகனிடம் சொல்லுங்கள். வகுப்புக்குப் போகிறவனுக்கு அது புரியும்.

சரி, ஐரோப்பியர்கள் ஏன் இவ்வளவு பலமானார்கள்? விதி ஒன்றானதும் ஓயாமல் விளையாடினார்கள், என் கணிப்பில் முக்கியக் காரணம் அதுதான். உலகச் சாம்பியன்ஷிப் பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது. ஐரோப்பிய சாம்பியன்ஷிப் வருஷா வருஷம் நடக்கும். இளையோருக்குத் தனிச் சாம்பியன்ஷிப் வேறு. பலன் சீக்கிரமே தெரிந்தது. 1970-இல் டோக்கியோவில் 33 நாடுகளுடன் முதல் உலகப் போட்டி நடந்தது, உலக ஒன்றியமும் உருவானது. தலைவர் அதே தெல்கூர். அங்கே ஜப்பான்தான் ராஜா. ஆனால் 1972-இல் பாரிஸில் குழுப் பட்டம் பிரான்சுக்கு, 1975-இல் லாங் பீச்சில் பிரிட்டனுக்கு. ஐந்தே வருஷத்துக்குள் மாணவர்கள் ஆசான்களைத் தாண்டிவிட்டார்கள்.

இடையில் சண்டைகளும் பிளவுகளும் நிறைய. பாரம்பரியக் கராத்தேக்காரர்கள் தனிச் சங்கம் வைத்தார்கள். ஒலிம்பிக் கமிட்டியின் அங்கீகாரம் வந்தது, போனது, 1999-இல் மறுபடி வந்தது. அந்தக் கதையை நீட்ட எனக்கு விருப்பமில்லை. என்னை வருத்துவது வேறு. எந்தப் பாரிஸில் இதெல்லாம் தொடங்கியதோ, அதே பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் கராத்தேவைச் சேர்க்கவில்லை. டோக்கியோவில் 67 கிலோ பிரிவில் தங்கம் வென்ற பிரான்சின் ஸ்டீவன் தா கோஸ்தாவுக்குச் சொந்த நாட்டில் அந்தப் பட்டத்தைக் காக்க ஒரு வாய்ப்பே இல்லாமல் போனது.

மகனோடு உட்கார்ந்து 75 கிலோ இறுதிப் போட்டியை இன்னொரு முறை பாருங்கள். இத்தாலியின் லூய்ஜி பூசாவும் அஜர்பைஜானின் ரஃபாயெல் அகாயேவும். அஜர்பைஜானும் ஐரோப்பியக் கூட்டமைப்பில்தான் இருக்கிறது. இருவரும் ஏற்கெனவே உலகப் பட்டம் வென்றவர்கள், ஒருவர் அசைவு மற்றவருக்குத் தலைகீழ்ப் பாடம். முழு ஆட்டத்திலும் ஒரே ஒரு புள்ளி, 1-0. யூடியூபில் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, புள்ளி விழாத ஒவ்வொரு முறையும் கை எங்கே நிற்கிறது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்.