ஊசிக்காரம்மா பதில்கள்

மாவட்ட மருத்துவமனை ஒன்றில் காலையில் நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்துவிட்டு, பத்து மணிக்கு மேல் பிணவறையில் பிரேதப் பரிசோதனைக்கு உதவியாக நிற்கும் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கேள்வி: ரத்தம் எடுப்பதும் பிணவறை வேலையும் ஒரே ஆளிடம் எப்படி வந்தது? பேய் பயம் இல்லையா அம்மா? (வாசகர், மணப்பாறை)

பிணவறையில் வேலை பார்த்தவர் என் வீட்டுக்காரர். குடிக்காமல் அந்த அறைக்குள் கால் வைக்க முடியாது என்பார். ஈரல் கெட்டு 2006-ல் போய்ச் சேர்ந்தார். கருணை அடிப்படையில் எனக்கு மருத்துவமனைப் பணியாளர் வேலை கிடைத்தது. கல்யாணத்துக்கு முன்பே நான் டி.எம்.எல்.டி. என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமா முடித்தவள் என்று தெரிந்ததும், லேபில் ஆள் பற்றாது என்று காலை ஆறரை மணிக்கு ரத்தம் எடுக்கும் தட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். பத்து மணிக்கு மேல் அவர் நின்ற மேசைப் பக்கத்திலேயே நான் நிற்கிறேன், குடிக்காமல். சம்பளச் சீட்டில் ஒரு வேலைதான் இருக்கிறது. இதைப் பற்றி மனு எழுதி எழுதி அலுத்துவிட்டது. வார்டில் நான் ஊசிக்காரம்மா, போலீஸ்காரர்களுக்கு பி.எம். (போஸ்ட்மார்ட்டம்) அம்மா.

பேய் பார்த்ததில்லை. எலி பார்த்திருக்கிறேன். குளிர்பெட்டிக் கதவைச் சரியாகச் சாத்தாத ராத்திரிகளில் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

கேள்வி: என் மாமியாருக்கு 72 வயது, சர்க்கரை உண்டு. ஒவ்வொரு முறையும் நாலைந்து இடத்தில் குத்துகிறார்கள், கை முழுக்க நீலம் பாரிக்கிறது. போதாததற்கு நாலு டியூப் ரத்தம் எடுக்கிறார்கள். அவ்வளவும் தேவையா? (வாசகி, திருவாரூர்)

நாலு டியூப் என்று பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். எல்லாம் சேர்த்து பத்து மில்லி வரும், அதாவது இரண்டு டீஸ்பூன். பெரியவர்கள் உடம்பில் ஓடுவது சுமார் 5 லிட்டர். ஒரே டியூபில் எடுத்தால் ஆகாதா என்றால் ஆகாது. ஒவ்வொரு மூடி நிறத்துக்கும் உள்ளே ஒரு மருந்து இருக்கிறது. ஊதா மூடியில் ரத்தம் உறையக்கூடாது. சாம்பல் மூடி சர்க்கரைக்கு. அதில் உள்ள மருந்து இல்லையென்றால், டியூபில் நிற்கும்போதே ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்று தீர்த்துவிடும், ரிப்போர்ட்டில் அளவு குறைவாக வரும்.

இப்போது குத்தல் சமாச்சாரம். ரத்தக்குழாயைத்தான் நம் ஊரில் நரம்பு என்கிறோம், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். வயதானவர்களுக்கு நரம்பு கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், ஆனால் ஊசி பட்டதும் தோலுக்கடியில் நழுவி ஓடும். அதனால் கண்ணை நம்பமாட்டேன், ஆள்காட்டி விரலைத்தான் நம்புவேன். அழுத்தி விட்டால் மெத்தென்று எழும்பி வருவது நரம்பு. கயிறு மாதிரி கெட்டியாக இருப்பது தசைநாண். துடித்தால் அது தமனி, அந்தப் பக்கமே போகக்கூடாது. இடம் பிடித்ததும் கட்டைவிரலால் தோலைக் கீழ்ப்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டால் நரம்பு நகராது. ரப்பர் பட்டையை ஒரு நிமிஷத்துக்கு மேல் கட்டி வைக்கக்கூடாது. கையைத் தட்டுவது, ‘மூடித் திற, மூடித் திற’ என்று சொல்வது இரண்டுமே தப்பு. அப்படிச் செய்தால் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பின் அளவு ரிப்போர்ட்டில் பொய்யாக ஏறி நிற்கும், டாக்டர் பதறுவார்.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன விஷயம்தான். வெறும் வயிறு என்றால் சாப்பாடு கூடாது, அவ்வளவுதான். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். தண்ணீர் குடிக்காமல் வருகிற பாட்டிகளின் நரம்பு ஒட்டிப்போய்க் கிடக்கும். முழங்கை மடிப்பில் வெதுவெதுப்பான துணியை ஐந்து நிமிஷம் வைத்துவிட்டு அழைத்து வாருங்கள். எடுத்தபின் கையை மடக்காமல் நீட்டி வைத்து, பஞ்சை இரண்டு மூன்று நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். தேய்க்காதீர்கள். நீலம் பாரிப்பது பெரும்பாலும் இதைச் செய்யாததால்தான். இரண்டு முறை குத்தியும் வரவில்லை என்றால், வேறு ஆளைக் கூப்பிடுங்கள் என்று கூச்சப்படாமல் சொல்லலாம். நானே சொல்லிவிடுவேன். இரண்டு தோற்றவள் மூன்றாவதிலும் தோற்பாள், கை நடுங்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: பிணவறை வேலை முடித்துவிட்டுச் சாப்பாடு இறங்குமா? (வாசகர், ஈரோடு)

இறங்கும். குடல் குழம்பு மட்டும் வேலைக்குச் சேர்ந்த வருஷத்தோடு நின்றுவிட்டது.

கேள்வி: என் தம்பி லாரி மோதி இறந்தான். எல்லோருக்கும் தெரிந்த காரணத்துக்கு எதற்கு அறுப்பு? சாயங்காலம் கொண்டுபோன உடலை மறுநாள் மதியம்தான் கொடுத்தார்கள். வெளியே நின்ற ஒருவர் 2000 ரூபாய் வாங்கிக்கொண்டார். (வாசகர், அரியலூர்)

விபத்து, தற்கொலை, கொலை, சந்தேகமான சாவு எதுவானாலும் போலீஸ் பிரேத விசாரணை நடத்தி, உடலைப் பரிசோதனைக்கு அனுப்பும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 174 என்பார்கள், 2024 ஜூலையிலிருந்து அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 194. இதற்கு வீட்டார் சம்மதம் தேவையில்லை. லாரி மோதியது உண்மைதான். அதற்கு முன்பே நெஞ்சுவலியில் வண்டியோடு சாய்ந்தாரா என்று நாளைக்கு இழப்பீட்டு வழக்கில் கேட்பார்கள். அப்போது உங்கள் பக்கம் பேசப்போவது பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ்தான்.

தாமதம் பெரும்பாலும் எங்கள் மேசையில் நடப்பதில்லை. ஸ்டேஷனிலிருந்து வரவேண்டிய காகிதத்துக்காக நாங்களும் உட்கார்ந்திருப்போம். காகிதம் வந்துவிட்டால் ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். அப்புறம், இருட்டிவிட்டால் செய்வதில்லை என்ற பழைய வழக்கம் ஒன்று உண்டு. டியூப்லைட்டில் கன்றிப்போன தோலின் நிறம் சரியாகத் தெரியாது என்பது காரணம். 2021 நவம்பரில் மத்திய அரசு, வசதி உள்ள மருத்துவமனைகளில் இரவிலும் செய்யலாம் என்று சொல்லி, வீடியோ எடுத்துவைக்கச் சொன்னது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்கொடுமை, அழுகிய உடல், சந்தேக மரணம் இவற்றுக்கு, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தாலொழிய, இரவு கிடையாது.

அந்த 2000 ரூபாய்க்கு எந்தக் கணக்கும் கிடையாது. அரசு மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனைக்குக் காசு இல்லை. என் கூட வேலை பார்க்கிறவர்களிலும் வாங்குகிறவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். இதை எழுதியதற்காக நாளைக்கு என்னிடம் பேசாமல் இருப்பார்கள், இருக்கட்டும். உடலை வீட்டுக்குக் கொண்டுபோகவும் இலவச அமரர் ஊர்தி உண்டு, 155377-க்கு அழைக்கலாம்.

கேள்வி: கிட்னி, இருதயம் எல்லாவற்றையும் எடுத்து விற்றுவிடுவார்கள் என்கிறார்களே? (வாசகி, சாத்தூர்)

இதயம் நின்று பல மணி நேரம் ஆன உடலின் கிட்னியை யாருக்கும் பொருத்த முடியாது. காசு கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். விஷமோ என்று சந்தேகம் இருந்தால் நாங்கள் எடுப்பது உண்மை. இரைப்பையும் அதில் இருப்பதும், சிறுகுடலில் ஓரடித் துண்டு, ஈரலில் அரைக்கிலோ வரை, இரண்டு சிறுநீரகத்திலும் பாதிப் பாதி. இவை அகல வாய் பாட்டில்களில் உப்புத் தண்ணீரில் போகும். சமையல் உப்புதான். இனிக் கரையாது என்று அடியில் படியும்வரை போட்டுக் கலக்க வேண்டும். ஊறுகாய் போடுகிறவர்களுக்குக் கை தானாக வரும். உடல் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் மருந்தை ஊற்றினால் விஷத்தைக் கண்டுபிடிப்பது கெட்டுவிடும். முக்கால் பாட்டிலுக்கு மேல் நிரப்பக்கூடாது, உள்ளே வாயு கிளம்பி மூடியைத் தள்ளும். பிறகு அரக்கு முத்திரை வைத்து, அந்த உப்புத் தண்ணீரிலும் கொஞ்சம் தனியாக மாதிரிக்கு வைத்து, போலீஸ்காரர் கையெழுத்துப் போட்டு தடய அறிவியல் ஆய்வகத்துக்கு எடுத்துப்போவார்.

ரத்தமும் எடுப்போம். காலையில் எடுக்கிற மாதிரி முழங்கையில் அல்ல, தொடை நரம்பில். செத்தபிறகு இரைப்பையிலும் ஈரலிலும் இருக்கும் மருந்து கசிந்து இதயத்து ரத்தத்தில் கலந்து, அளவை ஏற்றிக் காட்டும் என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தார்.

கேள்வி: இந்தியாவில் முதல் பிரேதப் பரிசோதனை எங்கே நடந்தது? (கல்லூரி மாணவி, சிதம்பரம்)

சட்டத்துக்காகச் செய்து பதிவாகியிருப்பதில் முதலாவது நம் சென்னையில்தான். 1693 ஆகஸ்டில் புனித ஜார்ஜ் கோட்டையில் கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலர் திடீரென்று இறந்தார். எட்வர்ட் பல்க்லி என்ற டாக்டர் அறுத்துப் பார்த்தார். பாஷாணம் அரைத்த கலுவத்தை (மருந்து அரைக்கும் கல்லை) கழுவாமல் அதிலேயே வீலருக்கு மருந்து அரைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்பது கதை. எங்கள் டாக்டர் இதைச் சொன்ன நாளிலிருந்து நான் தட்டு கழுவுகிறவனை இரண்டு தடவை கழுவச் சொல்கிறேன், அவன் என்னைத் திட்டுகிறான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரத்த வகைகளைக் கண்டுபிடித்த லேண்ட்ஸ்டைனர், வியன்னாவில் ஆயிரக்கணக்கில் பிரேதப் பரிசோதனை செய்தவர். ஊசியும் ரம்பமும் ஒரே கையிலா என்று மூக்கைச் சுளித்த என் நாத்தனாரிடம் அவர் பேரைத்தான் சொன்னேன்.

கேள்வி: மகள் லேப் பயிற்சியில் இருக்கிறாள். நோயாளிக்குக் குத்திய ஊசி அவள் விரலில் குத்திவிட்டது. திட்டுவார்கள் என்று மறைத்துவிட்டாள். (ஒரு தாய், தேனி)

எப்போது குத்தியது என்று எழுதவில்லை. 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால் இதைப் படித்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு ஓடுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, கடைசி எல்லை 72 மணி. தொடங்கினால் 28 நாள் சாப்பிட வேண்டும். தாண்டிவிட்டாலும் டாக்டரைப் பார்த்துப் பரிசோதனை செய்தே ஆகவேண்டும். இனிமேல் குத்தினால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. பயப்படுத்த எழுதவில்லை. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் குத்திய ஊசியே குத்தினாலும் தொற்றுவது ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான். மஞ்சள் காமாலை பி அப்படியில்லை, அது சுலபமாகத் தொற்றும். அதற்கான மூன்று தடுப்பூசியும் போட்டுக்கொண்டாளா என்று கேளுங்கள். ஊசிக்குத் திரும்ப மூடி போடும் பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள், நேராக வெள்ளைப் பெட்டிக்குள் போட வேண்டும். 1847-ல் வியன்னாவில் கொல்லட்ஷ்கா என்ற பேராசிரியர், பிரேதப் பரிசோதனையில் மாணவரின் கத்தி விரலில் பட்டு, அந்தக் கிருமியாலேயே செத்துப்போனார். திட்டுக்குப் பயந்து உயிரை விடுவார்களா?

கேள்வி: நீங்கள் செய்த தப்பு ஏதாவது? (வாசகர், நாகர்கோவில்)

பெண்கள் வார்டில் அடுத்தடுத்த கட்டிலில் இரண்டு செல்வி. ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டும், வகை பார்க்க மாதிரி எடுக்கப் போனேன். அவசரத்தில் டியூபில் பெயரை லேபிலேயே எழுதி ஒட்டிக்கொண்டு போயிருந்தேன். ‘நீங்கதானே செல்வி?’ என்றேன். தூக்கக் கலக்கத்தில் தலையாட்டினார். அவரும் செல்விதான், தப்பேயில்லை. ரத்த வங்கியில் பழைய பிரசவ அட்டையோடு ஒத்துப் பார்த்தவர், ஓ பாசிட்டிவ்காரருக்கு இப்போது பி வருகிறதே என்று போன் செய்தார். அவர் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் சில ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வேன். அதன்பிறகு ‘உங்க பேரு என்ன, வீட்டுக்காரர் பேரு என்ன?’ என்றுதான் கேட்பேன். அவர்கள் வாயால் வரவேண்டும். எழுதி ஒட்டுவது எடுத்த பிறகு, கட்டிலருகில் நின்றுதான்.

பிணவறையில் பதில் சொல்ல ஆள் இல்லை. ஒருமுறை ஒரே விபத்தில் இரண்டு பையன்கள், ஒரே பாலிடெக்னிக் சீருடை. ஒரு அப்பா வந்தார். துணியை விலக்கினோம், அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் செல்வியிடம் பார்த்திருக்கிறேன். கான்ஸ்டபிள் கையெழுத்து வாங்கப் போனார், கொஞ்சம் பொறுங்க சார் என்று கால்பக்கத் துணியைத் தூக்கினேன். ‘ஐயா, காலைப் பாருங்க’ என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். ‘என் பையனுக்குச் சுண்டுவிரல் உள்ளே மடிஞ்சிருக்கும்மா’ என்றார். இவனுக்கு நேராக இருந்தது. அவர் முகத்தில் ஒரு நொடி சந்தோஷம் வந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை. பக்கத்துப் பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது.

கேள்வி: அம்மா தவறிப்போனபோது முழுக்கச் சுற்றிக் கட்டித்தான் கொடுத்தார்கள், முகம் மட்டும் பார்த்தோம். உள்ளே அவரை எப்படி வைத்திருந்தார்கள் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் வரவில்லை. (ஒரு மகள், விருத்தாசலம்)

உண்மையைச் சொல்கிறேன், தெரியாமல் இருப்பதுதான் கஷ்டம். கழுத்துக்குக் கீழே நேராக ஒரு கோடு திறப்பார்கள். தலையில், ஒரு காதுக்குப் பின்னாலிருந்து உச்சி வழியாக மறு காதுக்குப் பின்னால் வரை. முகத்தில் கத்தி படாது. பார்த்து முடித்ததும் எல்லாம் உள்ளே திரும்ப வைக்கப்படும், மண்டை ஓட்டு மூடி இருந்த இடத்திலேயே உட்காரும். தடித்த நூலால் நெருக்கித் தைத்து, கழுவித் துடைத்துப் பஞ்சு வைத்துச் சுற்றுவோம். பரிசோதனை டாக்டருடையது, தையலும் குளிப்பாட்டலும் என்னைப் போன்றவர்கள் வேலை. உச்சித் தையல் முடிக்குள் மறைந்துவிடும், வாரிவிட்டால்.

உங்கள் அம்மாவுக்கு யார் வாரிவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் மேசைக்கு வருகிற பெண்களுக்கு நான் வாருவேன், அதற்கென்று ஒரு மரச்சீப்பு வைத்திருக்கிறேன். நடு வகிடா, பக்க வகிடா என்று கேட்க முடியாது. நெற்றியில் பல வருஷம் பொட்டு வைத்த இடம் தோலில் லேசாக நிறம் மாறித் தெரியும். அதற்கு மேலே வகிட்டில் முடி தானாகப் பிரிந்திருக்கும், ஈரத்தோடு சீப்பை வைத்தால் அது தன் பக்கத்துக்கே விழும்.