காயம்பட்ட பின் முன்னைவிடச் சிறப்பாக ஆடிய பேஸ்பால் பந்து வீச்சாளர் எவரேனும் உண்டா?

உண்டு. இந்தக் கேள்வியைப் பார்த்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தவர் டாமி ஜான். அவர் பெயரால் ஓர் அறுவைச் சிகிச்சையே அழைக்கப்படுவதால், அதைக் கண்டுபிடித்த மருத்துவரின் பெயர் அது என்றே பலர் நினைக்கிறார்கள்; நானும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

1974 ஜூலை 17 அன்று, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடக்கை வீச்சாளரான அவர், அந்தப் பருவத்தில் வீச்சாளராகத் தன் பெயரில் 13 வெற்றி, 3 தோல்வி என்ற நல்ல நிலையில், மான்ட்ரியால் எக்ஸ்போஸ் அணிக்கு எதிராக வீசிக்கொண்டிருந்தபோது இடது முழங்கையின் உட்புற லிகமென்ட், அதாவது எலும்புகளைப் பிணைக்கும் நார், அறுந்தது. கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கி நீட்டி எறிந்தால் நடுவர் நோபால் கொடுத்துவிடுவார். பேஸ்பாலிலோ அந்த எறிதான் வீச்சு. மேல்கை எலும்பையும் முன்கை எலும்பையும் உட்புறத்தில் பிணைத்திருக்கும் அந்தச் சிறிய நார், ஒவ்வொரு பந்துக்கும் பெரும் இழுவிசையைத் தாங்குகிறது. அது அறுந்தால் வீச்சாளரின் தொழில் முடிந்தது என்பதே அன்றைய நிலை.

உங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒன்றோடொன்று தொட வைத்து, மணிக்கட்டைச் சற்றே உள்நோக்கி மடக்கிப் பாருங்கள். மணிக்கட்டின் நடுவில் சணல் கயிறு போல ஒன்று புடைத்து எழும். அது ஒரு தசைநாண், அதாவது தசையின் நுனியிலுள்ள கயிறு போன்ற நார். சிலருக்குப் பிறவியிலேயே அது இருப்பதில்லை. இல்லாததால் அவர்கள் கைக்குக் குறையொன்றும் நேர்வதுமில்லை. 1974 செப்டம்பர் 25 அன்று மருத்துவர் ஃபிராங்க் ஜோப் அந்தத் தசைநாணை டாமி ஜானின் வலது கையிலிருந்து எடுத்து, இடது முழங்கையின் எலும்புகளில் துளையிட்டு, எட்டு போன்ற வடிவில் கோத்து, அறுந்த நாரின் இடத்தில் பொருத்தினார். மீண்டும் ஆடும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்பதே ஜோப்பின் கணிப்பு.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் நரம்புப் பாதிப்பால் இடக்கை விரல்கள் பறவையின் கால் போல வளைந்துபோயின. நரம்பைச் சீராக்க இன்னோர் அறுவைச் சிகிச்சை வேண்டியிருந்தது. 1975 பருவத்தில் அவர் ஓர் ஆட்டத்திலும் வீசவில்லை. உடலியக்கவியல் படித்த சக வீச்சாளர் மைக் மார்ஷல், உடலுக்கு ஏற்ற வகையில் வீச்சு முறையைத் திருத்திக்கொள்ள அவருக்கு உதவினார்.

எல்லாப் புகழையும் அந்தச் சிகிச்சைக்கே கொடுத்துவிடுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. டாமி ஜான் ஒருபோதும் அதிவேக வீச்சாளர் அல்லர். மட்டையை நெருங்கும்போது தாழ்ந்து இறங்கும் ‘சிங்கர்’ பந்துதான் அவருடைய ஆயுதம். மட்டையாளர் அடித்தாலும் பந்து தரையில் உருண்டு களத்தடுப்பாளரிடமே போய்ச் சேரும். வேகத்தை நம்பி வாழாதவர் என்பதால்தான், ஒட்டுப்போட்ட கையோடு அவரால் அத்தனை ஆண்டுகள் நிலைக்க முடிந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1976இல் திரும்பி வந்து 10 ஆட்டங்களில் வென்றார். 1977இல் 20, நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மாறிய பின் 1979இல் 21, 1980இல் 22 என வெற்றிகள் ஏறின. மொத்தம் 288 வெற்றிகளில் 164 காயத்துக்குப் பின் கிடைத்தவை. 1989இல் கடைசியாக வீசியபோது அவருக்கு வயது 46. இவ்வளவுக்கும் பிறகு, சிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் பேஸ்பால் புகழ்க் கூடத்துக்கான விளையாட்டு எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில், தேவையான 75 விழுக்காட்டில் பாதியைக்கூட அவர் ஒருமுறையும் எட்டவில்லை. இதை என்னால் இன்றளவும் ஏற்க முடியவில்லை.

இன்று பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் இதே சிகிச்சை நடக்கிறது. வளரும் பருவத்தில் ஓய்வில்லாமல் ஆண்டு முழுவதும் பந்து எறிய வைப்பதே இதற்கு முக்கியக் காரணம் என்று டாமி ஜானே வருந்தி, பிள்ளைகளைப் பல விளையாட்டுகளில் ஈடுபடுத்துமாறு பெற்றோரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.