மகள் ஸ்பானிஷ் படிக்க விரும்பினால்

அன்புள்ள ஐயா,

கணிதத்தில் நன்றாக மதிப்பெண் பெறும் மகள், பொறியியல் வேண்டாம், பி.ஏ. ஸ்பானிஷ்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பது தங்களுக்குக் கலக்கம் தருவது இயல்பே. ஆனால் தாங்கள் கருதுவதுபோல் இது பேசப் பழக்கிவிடும் பயிற்சி வகுப்பு அன்று. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத்தின் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் போன்றவற்றின் ஹானர்ஸ் படிப்பில், அம்மொழியை அறவே அறியாதவரும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கி, அடுத்தடுத்த ஆண்டுகளில் ஸ்பெயின், லத்தீன் அமெரிக்க நாடுகளின் இலக்கியத்தையும் வரலாற்றையும் ஸ்பானிஷ் வழியாகவே பயில்கிறார். 1936இல் மூண்ட ஸ்பெயின் உள்நாட்டுப் போரோ 1910இல் வெடித்த மெக்சிகோப் புரட்சியோ அவருக்கு ஆர்வமூட்டாவிட்டால், மொழியின் மீதுள்ள ஆசை மட்டும் நெடுநாள் தாங்காது. முதலில் இதை மகளிடம் கேளுங்கள். சம்பளத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும். சென்னை, பெங்களூரு நகரங்களிலிருந்து ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் நிறுவனங்கள், சுற்றுலா, ஏற்றுமதி, மொழி கற்பித்தல் எனப் பல வழிகள் உள்ளன. எளிய மொழிபெயர்ப்பை இப்போது இயந்திரமே செய்துவிடுவதால், அரைகுறையாகக் கற்றவருக்கு இத்துறையில் இடம் சுருங்கிவருகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. எனவே பட்டத்தோடு, ஸ்பெயின் அரசின் செர்வாந்தஸ் நிறுவனம் நடத்தும் டெலே என்னும் ஸ்பானிஷ் மொழித்திறன் தேர்வில் குறைந்தது பி2 நிலையை எட்டுவதை இலக்காகக் கொள்ளட்டும். ஆறு நிலைகளில் அது நான்காவது, அச்சான்றிதழ் காலாவதியாவதும் இல்லை. கூடவே கணக்கியலோ தரவுப் பகுப்பாய்வோ கற்றுக்கொண்டால், மகளின் கணிதத் திறனும் வீணாகாது.

பெருங்கடன் வாங்கி, பெயருக்கு ஒரு ஸ்பானிஷ் துறை வைத்திருக்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் சேர்ப்பதை மட்டும் நான் ஆதரிக்கமாட்டேன். நேரு பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் (CUET) என்னும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பக் கெடு பெரும்பாலும் பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே முடிந்துவிடும் என்பதால், இப்போதே அறிவிப்பைக் கவனியுங்கள். அதற்கிடையே மகள் ஒரு தொடக்கநிலை வகுப்பில் சில மாதங்கள் படித்துப் பார்க்கட்டும். அதன் பிறகும் ஆர்வம் குறையவில்லையென்றால் தடுக்காதீர்கள். இடம் கிடைக்காமல் போனால் உதவும்படி, உள்ளூர்க் கல்லூரியில் பி.காம். படிப்புக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவையுங்கள்.