பெரிய குண்டு வேண்டாம், கைக்கு அடங்கும் ரிவால்வர் போதும்

கேள்வி: ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, குலசேகரத்துக்கு அருகே ரப்பர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விடியும் முன்பே பால்வெட்டுக்கு இறங்க வேண்டும். வீடும் தோட்டத்துக்குள் தனியாக இருக்கிறது. ரப்பர் ஷீட் திருட்டும் காட்டுப்பன்றித் தொல்லையும் உண்டு. கைத்துப்பாக்கிக்கு உரிமம் கிடைத்துவிட்டது. ஒன்றரை லட்சம் ரூபாய்க்குள், பழுதில்லாமல் சுடக்கூடிய பெரிய காலிபர் துப்பாக்கி எது? .45 குண்டுதான் ஆளை நிறுத்தும் என்கிறார் நண்பர். பழைய .45 பிஸ்டல் ஒன்று மலிவாகக் கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகர், குலசேகரம்

பதில்: அண்ணாச்சி, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த .45 பிஸ்டலைத் தொடாதீர்கள். பார்த்துவிட்டு வரலாம் என்றுகூடப் போகாதீர்கள்.

உங்கள் கையில் இருக்கும் உரிமம் பொதுமக்களுக்கு அனுமதிக்கப்பட்ட காலிபருக்கு (குழலின் உள்விட்டம்; .45, .32 என்பதெல்லாம் அங்குலக் கணக்கு) மட்டும்தான் செல்லும். படைகள் பயன்படுத்தும் தோட்டாக்களைச் சுடக்கூடிய .45, .38, 9 எம்.எம். போன்றவை தடை செய்யப்பட்ட வகையில் வருகின்றன. பணியில் இருந்தபோது நீங்கள் தொட்டுப் பழகிய 9 எம்.எம். பிஸ்டலும் இன்று உங்களுக்கு இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 2019இல் திருத்தம் வந்த பிறகு, தடை செய்யப்பட்ட துப்பாக்கியை அனுமதியின்றி வைத்திருந்தால் 7 ஆண்டு முதல் 14 ஆண்டு வரை சிறை. உரிமம் வைத்திருக்கிறேனே என்று சொல்லித் தப்ப முடியாது. இருக்கிற உரிமமும் போகும், ஓய்வூதியத்துக்கும் ஆபத்து வரும். மலிவு என்று ஆசை காட்டுகிறவர் நாளைக்குப் பிடிபட்டால், யாரிடம் விற்றார் என்பதுதான் போலீஸ் அவரிடம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்.

பெரிய காலிபர்தான் வேண்டும் என்றால் சட்டம் அனுமதிப்பவற்றில் ஒன்று .357 மேக்னம். குண்டின் விட்டம் 9 மி.மீ.க்குச் சற்று மேல், எடை சுமார் 10 கிராம், வேகம் விநாடிக்கு 370 மீட்டர் வரை. வலுவான தோட்டா, சந்தேகமில்லை. ஆனால் உங்கள் பணத்துக்கு அது எட்டாது. 1980களில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதி நிறுத்தப்பட்டுவிட்டதால், நாட்டில் இப்போது சுற்றிவரும் வெளிநாட்டு ரிவால்வர்கள் பெரும்பாலும் பழையவை. அவை பல லட்சத்துக்குக் கைமாறுகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல் தோட்டா. கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். பயிற்சிக்குச் சுட மனம் வராமல் பெட்டியோடு பூட்டி வைப்பீர்கள். சுட்டுப் பழகாத துப்பாக்கியை நம்பகமானது என்று நான் சொல்லமாட்டேன்.

ஆக மிஞ்சுவது .32. இதைக் கேட்டதும் உங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. நண்பர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. .45 பிஸ்டலின் குண்டு சுமார் 15 கிராம், விநாடிக்கு 255 மீட்டர் வேகத்தில் போகிறது. .32 ரிவால்வரின் குண்டு ஆறரை கிராமுக்குள்தான், வேகமும் 215 மீட்டர் அளவில் நின்றுவிடும். ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும். ஆனால் ஆளைத் தூக்கி எறிகிற கைத்துப்பாக்கி என்று உலகில் எதுவும் கிடையாது. சுடுகிறவர் கையில் விழும் உதைக்கு மேலாக எதிரே நிற்பவரைக் குண்டு தள்ளிவிடாது. எங்கே பட்டது என்பதுதான் முடிவு செய்கிறது. இரண்டு குண்டுக்கும் அகலத்தில் உள்ள வித்தியாசம் மூன்றரை மில்லிமீட்டர். இருட்டில், மூச்சு வாங்க, கை நடுங்கும்போது ஐந்து மீட்டர் தூரத்திலேயே குறி ஒரு முழம் விலகிப் போவது சகஜம். அந்த ஒரு முழத்தைச் சரிசெய்வது காலிபர் அல்ல, பயிற்சி. பயிற்சிக்குத் தோட்டா வேண்டும். நம் நாட்டு ஆயுதத் தொழிற்சாலையே தயாரித்து, துப்பாக்கிக் கடைகளில் கேட்டு வாங்கக்கூடிய தோட்டா .32. அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

.32இல் ரிவால்வர், பிஸ்டல் இரண்டும் உண்டு. நான் ரிவால்வர் பக்கம். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் ரிவால்வரில் விசையை மறுபடி இழுத்தால் போதும், தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். பிஸ்டலில் மேல்பகுதியைப் பின்னால் இழுத்து, நின்றுபோனதை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்ற வேண்டும். பணியில் இருந்தபோது அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்திருப்பீர்கள். தினமும் கவாத்து இல்லாத இந்த நாட்களில் அந்த வேகம் கையில் இருக்காது. இன்னொன்று, ரிவால்வர் தோட்டாவும் பிஸ்டல் தோட்டாவும் .32 என்றே சொல்லப்பட்டாலும் வேறு வேறு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு ஆகாது. கடையில் எதற்கு என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

உங்கள் தொகைக்குப் பார்க்க வேண்டியவை கான்பூர் தயாரிப்புகள். 2014இல் வந்த நிர்பீக் ரிவால்வர் டைட்டானியம் உலோகக் கலவையில் செய்தது, அரைக் கிலோ எடை, அறிமுகமானபோது விலை 1,22,360 ரூபாய். 2023இல் வந்த பிரபல் 700 கிராம், குழல் 76 மி.மீ. நீளம், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். இவை தவிர, நடுவில் மடங்கித் திறக்கும் பழைய பாணி எஃகு ரிவால்வர்களும் உண்டு. இன்றைய விலையை வரியோடு சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் பிரபல். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அலைகிறவருக்கு எடை குறைவு வசதியாக இருக்கலாம். வீட்டில் வைத்திருக்கப்போகிற உங்களுக்கு அந்தக் கூடுதல் 200 கிராம் உதையை வாங்கிக்கொள்ளும், கையை அசையாமல் நிறுத்தும்.

பழையது நல்ல விலைக்கு வந்தால் ஒதுக்க வேண்டாம், ஆனால் இப்படிச் சோதியுங்கள். தோட்டா இல்லை என்பதை நீங்களே திறந்து பார்த்துக்கொள்ளுங்கள், கடைக்காரர் சொல்லை நம்பவேண்டாம். துப்பாக்கியின் பின்புறம் இருக்கும் சுத்தியலைப் பின்னால் இழுத்து நிறுத்திவிட்டு சிலிண்டரை இரு விரலால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். நூலளவு ஆடலாம், கடகடவென்று ஆடினால் வேண்டாம். அப்படியே சுத்தியலைக் கட்டைவிரலால் முன்னால் தள்ளுங்கள். விசையைத் தொடாமலே அது விழுந்துவிட்டால் உள்ளே தேய்ந்துபோயிருக்கிறது. மடங்கித் திறக்கும் வகையானால் குழலைப் பிடித்துக் காதருகே குலுக்குங்கள், கீலில் சத்தம் கேட்கக் கூடாது. குழலின் ஒரு முனையில் வெள்ளைத் தாளைப் பிடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். குழலுக்குள் சுற்றிச் செல்லும் வரிப்பள்ளங்கள் கூர்மையாகத் தெரிய வேண்டும், கரும்புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் அது துரு தின்ற இடம். ஆறு அறைகளிலும் விசையை முழுவதும் இழுத்துப் பாருங்கள். வயதில் விரல் மூட்டு வலி இருந்தால் புதியதையும் இப்படி இழுத்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். இந்த வகை ரிவால்வர்களின் விசை கனமாகத்தான் இருக்கும்.

துரு என்றதும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு, பேச்சிப்பாறை அடிவாரத்தில் காற்றே ஈரம். தோல் உறையில் போட்டு அலமாரியில் வைத்தால் தோல் ஈரத்தை உறிஞ்சி எஃகில் ஒட்டவைத்துவிடும். உறை வெளியே எடுத்துப் போகும்போது மட்டும் போதும். வீட்டில் மெல்லிய எண்ணெய் தடவி, உலர்ந்த துணியில் சுற்றி, சுவரோடு திருகிய இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள். தோட்டாவுக்கு எண்ணெய் ஆகாது, அது உள்ளே இறங்கினால் வெடிக்காமல் போகும். தோட்டாவைத் தனியாக, வேறு பூட்டில் வையுங்கள். ஷீட் அடிக்கும் கொட்டகையில் துப்பாக்கியை ஒரு நாள்கூட வைக்கக் கூடாது. ரப்பர் பாலை உறையவைக்க ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டின் ஆவி எஃகை அரித்துவிடும். கொட்டகைத் தகரமும் ஆணியும் எப்படி ஆகின்றன என்று உங்களுக்குத் தெரியாததா?

இப்போது நான் அதிகம் கவலைப்படும் விஷயம். ஷீட் உலர்த்தும் புகைக்கூட்டிலிருந்து ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைச் சுட உங்களுக்கு உரிமை இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, சொத்தைக் காக்கும்போது உயிர் போகும் அளவுக்குத் தாக்க அனுமதிக்கும் சந்தர்ப்பங்களைத் தனித்தனியாகச் சொல்கிறது. கொள்ளை, இரவில் வீடு உடைத்து நுழைதல், குடியிருக்கும் வீட்டுக்குத் தீ வைத்தல் போன்றவை அவை. வெறும் திருட்டு அதில் சேராது. திருட்டில், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தால்தான் அந்த உரிமை எழும். முதுகு காட்டி ஓடுகிறவனிடம் அந்த அச்சம் எங்கிருந்து வரும்? நாலு கட்டு ஷீட்டுக்காக ஓர் உயிர் போவதையும் நீங்கள் நீதிமன்றப் படி ஏறுவதையும் உங்கள் மனமே தாங்காது. திருட்டுக்குப் புகைக்கூட்டில் நல்ல பூட்டும், ஆள் நடமாட்டத்தில் தானே எரியும் விளக்கும், வாசலில் கேமராவும் போடுங்கள். அதற்கான செலவை ஒன்றரை லட்சத்திலிருந்தே ஒதுக்கலாம்.

பன்றிக்கும் இதே பதில். அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற விலங்கு. உரிமத் துப்பாக்கி இருப்பதால் தோட்டக்காரர் சுட்டுவிட முடியாது. 2025இல் தமிழக அரசு வகுத்த நடைமுறையிலும் சுடும் பொறுப்பு வனத்துறையினருக்கே தரப்பட்டிருக்கிறது. சேதத்தைப் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். மரவள்ளியும் வாழையும் ஊடுபயிராக இருந்தால் வேலியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காயம்பட்ட பன்றியின் முன் .32 ரிவால்வரோடு நிற்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைக்குப் போகும் நாளில் உரிமத்தில் தனி அடையாள எண் பதிவாகியிருக்கிறதா, கைத்துப்பாக்கி என்று தெளிவாக எழுதியிருக்கிறதா, வாங்க அனுமதித்த தோட்டா எண்ணிக்கை எவ்வளவு என்பதையெல்லாம் பார்த்துக்கொண்டு போங்கள். வாங்கியதும் நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் துப்பாக்கியைக் காட்டி, அதன் எண்ணை உரிமத்தில் பதிந்துகொள்ளுங்கள். தேர்தல் அறிவிப்பு வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். அப்போது துப்பாக்கி எண்ணும் தோட்டா எண்ணிக்கையும் எழுதிய ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.