ஒசாகா கோட்டையில் எது பழசு, எது புதுசு?

கேள்வி: ஒசாகா கோட்டை ஜப்பானின் பழைய ஆட்சியாளர் ஹிதேயோஷி கட்டியதுதானா? உள்ளே லிப்ட் ஓடுகிறதாமே!

பதில்: லிப்ட் ஓடுவது நிஜம். தொயோதோமி ஹிதேயோஷி 1583-இல் கட்டத் தொடங்கிய கோட்டை 1615 கோடைப் போரில் எரிந்துபோனது. ஜெயித்த எதிரிக் குடும்பமான தோகுகாவாக்கள் 1620 முதல் அதன்மேல் மண்ணைக் கொட்டி மூடிவிட்டுப் புது மதில் எழுப்பினார்கள். கோட்டைக்குள் அவர்கள் எழுப்பிய கோபுரம் 1665-இல் இடி விழுந்து எரிந்தது. அதற்குப் பிறகு 266 வருஷம் அங்கே கோபுரமே இல்லை. இப்போது நிற்பது 1931-இல் நகர மக்களின் நன்கொடையில் எழுந்த கான்கிரீட் கட்டடம்.

அதிலும் ஒரு வேடிக்கை. அடிமேடை தோகுகாவா போட்ட கருங்கல். அதன்மேல் நான்கு அடுக்கு தோகுகாவா பாணியில் வெள்ளைச் சுதை. உச்சி அடுக்கு மட்டும் ஹிதேயோஷி பாணியில் கறுப்பு, அதில் தங்கப் புலிகள். எதிரிகள் இருவரையும் ஒரே கோபுரத்தில் ஏற்றிவிட்டார்கள்! பழைய மரக் கோபுரம்தான் பார்க்க வேண்டுமென்றால் ஹிமேஜி கோட்டைக்குப் போங்கள்.

கேள்வி: அப்படியானால் அங்கே அசலாக என்னதான் இருக்கிறது?

பதில்: கல். சகுராமோன் வாசலுக்குள் நுழைந்ததும் எதிரே நிற்கும் 'தாகோ இஷி'யை, அதாவது ஆக்டோபஸ் கல்லைப் பாருங்கள். முகப்பு மட்டும் சுமார் 60 சதுர மீட்டர், எடை 100 டன்னுக்கு மேல். இடது கீழ் மூலையில் பழுப்புக் கறை ஆக்டோபஸ் மாதிரி தெரியும்; பெயர் அதனால்தான். மலைப்பாக இருந்தாலும் அது பலகை போன்ற கல். அகலத்தைப் பார்த்துத் தடிமனை எடை போடாதீர்கள்.

மதிலோரம் நடக்கும்போது கல் விளிம்புகளில் பல் பதிந்தது போல வரிசையாகக் குழிகள் தென்படும். உளியால் குழி வெட்டி, இரும்பு ஆப்பு இறக்கி, மாற்றி மாற்றி அடித்தால் கல் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். சில கற்களில் வட்டம், கட்டம் போன்ற குறிகளும் உண்டு. மதில் வேலை பல பிரபுக்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கப்பட்டது. யார் கல் யாருடையது என்று சண்டை வராமலிருக்க இந்த அடையாளம்.

கேள்வி: அரை நாள்தான் இருக்கிறது. எப்படிப் பார்ப்பது?

பதில்: தானிமாச்சி யோன்சோமே ரயில் நிலையத்தில் இறங்கி, ஓதேமோன் வாசல் வழியாக நுழையுங்கள். கிழக்கே ஒசாகாஜோகோயென் நிலையத்தில் இறங்குகிறவர்கள் பூங்கா வழியாக நேரே கோபுரத்துக்குப் போய்விடுவார்கள். ஓதேமோனும் 1620-இல் கட்டிய செங்கான் காவல்மாடமும் விட்டுப்போகும். கோபுரத்துக்கு டிக்கெட் 1,200 யென். ஆன்லைனில் எடுத்துவிட்டு, காலை 9 மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். பத்தரைக்கு மேல் போனால் லிப்டுக்கே வரிசை நிற்கும்.

வெளியே ஐந்து அடுக்காகத் தெரிந்தாலும் உள்ளே எட்டுத் தளம். லிப்ட் 5-ஆம் தளம்வரை, மிச்சம் படி. முதலில் 8-ஆம் தளம் ஏறிவிட்டு, பார்த்துக்கொண்டே இறங்குவதுதான் சுகம். 3, 4-ஆம் தளங்களில் படம் எடுக்க அனுமதி இல்லை.

கேள்வி: ஹிதேயோஷியின் கல் ஒன்றுகூடவா கண்ணில் படாது?

பதில்: படும். மண்ணுக்குள் புதைந்த அவருடைய மதில் முதலில் 1959-இல் தட்டுப்பட்டது, இன்னொரு பகுதி 1984-இல். 1984-இல் கிடைத்ததை 2025 முதல் நிலத்தடியில் இறங்கியே பார்க்கலாம். மேலே சொன்ன டிக்கெட்டே போதும். தோகுகாவா மதிலைப் பார்த்த கண்ணோடு இறங்குங்கள். மேலே சதுரமாகச் செதுக்கிய கல், கீழே கிடைத்ததைக் கிடைத்தபடி அடுக்கி, இடுக்கில் சில்லுக்கல் திணித்த வேலை.